பதில் வந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள்

முட்டை வியாபாரத்தில் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கிறவர் நிலைக்க மாட்டார். நாமக்கல்லில் முட்டைத் தரகு பேசிப் பேசியே தலை நரைத்தவன் நான். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவித்த விலை 5 ரூபாய் 10 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காரர் 40 காசு ‘மைனஸ்’ தருகிறார். பெட்டிக்கு 210 முட்டை, கேரளா வண்டிக்கு 300 பெட்டி. பாலக்காட்டு வியாபாரி போனில் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள், முட்டை 4 ரூபாய் 70 காசு, பெட்டி 987 ரூபாய், வண்டிக்கு 2,96,100 ரூபாய் என்று சொல்லி முடித்திருப்பேன். இதைத் தனித் திறமை என்று நான் நினைத்ததேயில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான்.

பார்க்கின்சன் நோய் வந்து சில ஆண்டுகளில் இந்தக் கணக்கு பாதி வழியில் நிற்கத் தொடங்கியது. 987 வரை வந்துவிடுவேன். பெருக்கத் தெரியும், எத்தனை பெட்டி என்பது நழுவிப் போயிருக்கும். “எத்தனை பெட்டிங்க சொன்னீங்க?” என்று கேட்டு அந்த 300ஐ வாங்கிக்கொள்வதற்குள் 987 போயிருக்கும். பழகிய வியாபாரிகள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பார்கள். பிறகு, “தம்பிகிட்டக் குடுங்க” என்பார்கள். தம்பி என்றால் என் மகன். இப்படித்தான் தொழில் என் கையிலிருந்து அவன் கைக்குப் போனது. போக வேண்டியதுதான், அதில் வருத்தமில்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் போயிற்று. ‘அவருக்குப் புத்தி மங்கிப்போச்சு’ என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை குறுகும்: பார்க்கின்சன் என்றால் இவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சிந்தனையின் வேகமும் குறையும், மனத்தில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு சங்கதிகளைப் பிடித்து வைத்திருக்கும் வலுவும் குறையும் என்பதை நோயாளிக்கோ வீட்டாருக்கோ எடுத்துச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. கை நடுங்கினால் நோய் என்று இரக்கப்படுகிறவர்கள், பதில் தாமதமானால் ‘வயசு’ என்கிறார்கள், ‘பிடிவாதம்’ என்கிறார்கள், கடைசியில் ‘ஒன்னும் வெளங்கறதில்லை’ என்கிறார்கள். இரண்டும் ஒரே நோயின் வேலை.

ஒரு தகவலைச் சில நொடிகள் மனத்தில் தாங்கிக்கொண்டே அதை வைத்து வேலையும் செய்வதைச் செயல்நினைவு என்கிறார்கள் உளவியலாளர்கள். 1974இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் வகுத்தார்கள். நான் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். கோழிப் பண்ணையில் முட்டைக் கிடங்கு இருக்கிறது. வெளியே வண்டி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே பெட்டிகளை இறக்கி, எண்ணி, அடுக்குவதற்கு ஒரு மேடை இருக்கிறது. பார்க்கின்சன் கிடங்கைக் காலி செய்வதில்லை. இருபது வருடத்துக்கு முன் யார் எவ்வளவு பாக்கி வைத்தார்கள் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். மேடைதான் சுருங்குகிறது. மேடையில் வேலை செய்யும் ஆட்களும் மெதுவாக நகர்கிறார்கள்.

நடுமூளையில் கரிய நிறத்தில் ஒரு சிறு பகுதி உண்டு. டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அங்கே இருக்கின்றன. பார்க்கின்சனில் அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. டோபமின் குறைந்தால் கைகால் அசைவு தடைப்படும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதே டோபமின், நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளையோடு பேசும் பாதைகளுக்கும் வேண்டும். திட்டமிடுவது, ஒன்றை விட்டு மற்றொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது, இடைவிடையைப் பிடித்து வைப்பது எல்லாம் அந்தப் பாதைகளில்தான் நடக்கின்றன. 1979இல் அமெரிக்காவில் குரங்குகளின் முன்மூளையில் டோபமினை மட்டும் இல்லாமல் செய்து பார்த்தார்கள். போன முறை எந்தப் பக்கம் எடுத்தோம் என்பதைச் சில நொடிகள் நினைவில் வைத்திருந்து, அடுத்த முறை மறுபக்கம் எடுக்கும் வேலையை அந்தக் குரங்குகளால் சரிவரச் செய்ய முடியவில்லை. மூளையின் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்ததற்கு ஏறக்குறையச் சமமான இழப்பு அது. இதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. என்னுடைய 300 பெட்டி எங்கே போயிற்று என்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததே!

அல்சைமர் மறதியும் இதுவும் வேறு. அல்சைமரில் புதிய தகவல் பதிவதே இல்லை; பிறகு குறிப்புக் கொடுத்தாலும் வருவதில்லை. எங்களில் பெரும்பாலோருக்குத் தகவல் பதிந்திருக்கிறது, எடுத்து வரத்தான் நேரமாகிறது. “காலைல வந்தவரு யாரு, ராசிபுரத்துக்காரரா திருச்செங்கோட்டுக்காரரா?” என்று ஒரு பிடி கொடுத்தால் போதும், சட்டென்று வந்துவிடும். எண்களைச் சொன்ன வரிசையிலேயே திருப்பிச் சொல்லச் சொன்னால் ஓரளவு சொல்லிவிடுவோம். அதையே பின்னாலிருந்து சொல்லச் சொன்னால்தான் தடுமாற்றம். காரணம், அங்கே பிடித்து வைத்தால் மட்டும் போதாது, பிடித்ததைப் புரட்டவும் வேண்டும்.

1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். அவர் பார்த்தது ஆறே பேரை. அதிலும் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று அவர் எழுதிவிட்டுப் போனார். அவருக்குப் பின் பிரான்சில் சார்கோ என்ற மருத்துவ மேதை நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே வைத்தார். ஆனால் ஒரு கட்டத்தில் மனமும் மங்கும் என்று சொல்லி, அந்தக் கருத்திலிருந்து விலகினார். 1922இல் நவீல் என்பவர் சிந்தனை மெதுவாவதற்கென்றே தனிப் பெயர் கொடுத்தார். நூறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் நம் ஊர் மருத்துவமனை அறைகளில் இன்னும் 1817தான் நடக்கிறது.

கசப்பாகத்தான் சொல்கிறேன். சில ஆண்டுகள் ஓரிடத்தில் மருத்துவம் பார்த்தேன். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம், மல்லூர் வழியாகச் சேலத்துக்குப் பேருந்து. காலையில் போனால் டோக்கன் எண் வந்து உள்ளே போக மதியமாகும். உள்ளே போனதும் விரலைத் தட்டச் சொல்வார்கள், கையை மூடித் திறக்கச் சொல்வார்கள், நடந்து காட்டச் சொல்வார்கள். எழுதுவார்கள். என் மனைவி ஒவ்வொரு முறையும் வாய் திறப்பாள். “ஏனுங்க டாக்டர், இவுரு முன்ன மாதிரி கேட்டதுக்குப் பதில் சொல்றதில்லைங்க. ரெண்டு வேலை சேத்துச் சொன்னா ஒன்னு விட்டுப்போகுதுங்க.” வயதாகிவிட்டது என்ற பதிலோடு அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த மருத்துவருக்கு ஒரு நாளில் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். மனிதரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் என் மனைவி சொன்னது நோயின் அறிகுறி. அதைக் காகிதத்தில் ஏற்றுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பிறகு வேறோர் இடத்தில் இளம் மருத்துவர் ஒருவர், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்றார். 93 என்றேன். 86 என்றேன். 79 வந்தது. அதற்குப் பிறகு, எதிலிருந்து எதைக் கழிக்கிறேன் என்பதே போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் மறுபடி 79ஐப் பிடித்து 72 சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு என் மருந்துச் சீட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தார்.

அதில்தான் டிரைஹெக்சிபெனிடில் இருந்தது. கடையில் பசிடேன் என்ற பெயரில் தெரிந்திருக்கும். நடுக்கத்தைக் குறைக்கும், விலையும் குறைவு. அதனால் தாராளமாக எழுதப்படுகிறது. பார்க்கின்சனுக்கு இன்று முக்கியமாகத் தரும் லெவோடோபா என்ற மருந்துக்கு முந்தைய காலத்து மருந்து அது. மூளையில் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளை அடக்கித்தான் அது வேலை செய்கிறது. நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டியது அதே அசிட்டைல்கோலின்தான். வயதான பார்க்கின்சன் நோயாளிக்கு ஏற்கெனவே சுருங்கிய மேடையை இந்த மாத்திரை மேலும் சுருக்குகிறது. சிலருக்குக் குழப்பம், இல்லாத ஆள் தெரிவது வரைக்கும் போகும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு இதைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியலில் பல ஆண்டுகளாக இருக்கிறது. எனக்குப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். நடுக்கம் சற்றுக் கூடியது. ஆனால் தலைக்குள் இருந்த பனிமூட்டம் பாதி விலகியது. அந்தப் பேரத்தில் எனக்கு லாபம்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பார்க்கின்சன் மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். எழுதிக் கொடுத்தவரிடமே போய், இதில் நினைவைப் பாதிக்கும் மருந்து ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறுநீர் அடங்குவதற்கும், தூக்கத்துக்கும், சளிக்கும், அரிப்புக்கும் வாங்கும் சில மாத்திரைகளிலும் இதே குணம் உண்டு என்பதால், எல்லாச் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பி12 சத்து, தைராய்டு, எழுந்து நின்றால் இறங்கும் ரத்த அழுத்தம், மனச்சோர்வு, இரவுத் தூக்கம் இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிந்தனையை மந்தமாக்கும் இந்தக் காரணங்களையெல்லாம் சரிசெய்ய வழியிருக்கிறது.

நாமக்கல்காரர்களுக்கு இன்னொன்று. லெவோடோபாவும் நாம் உண்ணும் புரதமும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே வழியாகத்தான் உள்ளே போகின்றன. காலையில் இரண்டு அவித்த முட்டையோடு சேர்த்து மாத்திரையை விழுங்கினால் முட்டை முந்திக்கொள்ளும், மாத்திரை வெளியே நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரையைப் போடச் சொல்வது இதனால்தான். மாத்திரையின் வேலை தேயும் நேரத்தில் கால் மட்டுமா கனக்கிறது, நினைப்பும் கனக்கிறது. முக்கியமான பேச்சு எதையும் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வேறு நேரத்தில் சாப்பிடுங்கள்.

லெவோடோபாவின் கதையில் நமக்கும் பங்குண்டு. கொல்லிமலை அடிவாரத்து வேலிகளில் படரும் பூனைக்காலியைத் தெரியும் அல்லவா? காயின் மேலிருக்கும் சுணை பட்டால் அரித்து எடுத்துவிடும். அந்த விதையிலிருந்து லெவோடோபாவை 1937இல் பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியலாளர்கள் தாமோதரனும் ராமசாமியும். அப்போது அது ஒரு அமினோ அமிலம், அவ்வளவுதான். இருபது ஆண்டுகள் கழித்து 1957இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன், அசைவிழந்து கிடந்த முயல்களுக்கு அதைக் கொடுத்து எழுப்பிக் காட்டினார். 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ் நோயாளிகளுக்கு அதை முறையாகக் கொடுக்கும் வழியைக் கண்டார். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கார்ல்சனுக்கும் கிடைத்தது. மலையடிவாரத்திலிருந்து விதையைப் பொறுக்கிப் பொடி செய்து குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த விதையில் எவ்வளவு மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பி அளவு தப்ப வேண்டாம்.

இந்த மருந்து சிந்தனைக்கு உதவுமா? ஓரளவுக்குத்தான். பலருக்கு வேகமும் செயல்நினைவும் கொஞ்சம் மேம்படுகின்றன. ஆனால் டோபமின் மூளையின் எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைவதில்லை. காய்ந்த வயலுக்குப் போதுமான தண்ணீர், ஈரமுள்ள பக்கத்து வயலுக்கு மிஞ்சிவிடுகிற நிலை. இப்படி மிஞ்சும்போது வேறு சில திறன்கள் கெடலாம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால், கை நடுக்கத்தை மட்டும் பார்த்து அளவை ஏற்றிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்றும்போது புத்தியையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். பார்க்கின்சன் முகத்தின் தசைகளையும் இறுக்குகிறது. உணர்ச்சி முகத்தில் தெரிவதில்லை. குரலும் தணிந்துவிடுகிறது. பதில் வரத் தாமதமாகிறது. இந்த மூன்றும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார்? இவருக்கு எதுவும் புரியவில்லை என்றுதான் நினைப்பார்.

எங்கள் கோழிக் கொட்டகைகளைக் குத்தகைக்கு விடுவது பற்றி வீட்டில் பேச்சு நடந்தது. மகன், மருமகன், மைத்துனர், குத்தகைக்கு வருகிறவர் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நானும் இருந்தேன். வாடகை, முன்பணம், கரண்ட் பில், தீவன அரவை மோட்டார் என்று பேச்சு ஓடியது. ஒன்றைப் பிடித்து யோசித்து நான் வாய் திறப்பதற்குள் பேச்சு மூன்றாவது சங்கதிக்குப் போயிருக்கும். என்னைப் பார்த்து, “என்னங்க மாமா, சரிதானுங்களே?” என்று மருமகன் கேட்டார். கேட்டுவிட்டு, நான் தலையாட்டியதாக எண்ணி, திரும்பிக்கொண்டார். காபி வந்துவிட்டது. என் மகள்தான் கவனித்தாள். “இருங்க, அப்பா என்னமோ சொல்ல வர்றாரு” என்று எல்லோரையும் நிறுத்தினாள். கூடம் அமைதியானது. எனக்கு அந்த அமைதி தேவைப்பட்டது. “எரு ஆருக்கு?” என்று கேட்டேன்.

கோழி எருவைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் லோடு கணக்கில் போகும் சரக்கு அது; பல மாதங்களில் பண்ணையின் லாபமே அதில்தான் நிற்கும். குத்தகைக்கு வந்தவர் முகம் மாறியது. பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. என் மகள் மட்டும் இல்லையென்றால், அந்தக் கேள்வி என் நாக்கிலேயே தங்கியிருக்கும், பத்திரமும் எழுதியிருப்பார்கள். கேள்வி தாமதமாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் கேட்கப்பட்டவற்றில் அதுதான் சரியான கேள்வி.

எத்தனை வீடுகளில் இப்படிக் காத்திராமல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்? சார்பதிவாளர் அலுவலகத்தில் பெரியவரிடம் கேட்ட கேள்விக்குப் பின்னால் நிற்கும் உறவுக்காரர் பதில் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். பெரியவரின் உதடு அசையத் தொடங்கியிருக்கும்; அதற்குள் காரியம் முடிந்திருக்கும். மனிதரிடமிருந்து நோய் எடுத்துக்கொள்வது சில நொடிகளை. அந்தச் சில நொடிகளைக் கொடுக்க மனமில்லாமல், அவருடைய முடிவெடுக்கும் உரிமையையே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

வங்கிக்குப் போங்கள். “செல்ஃபா, டெபாசிட்டா, பான் கார்டு இருக்குதா, போன் நம்பர் சொல்லுங்க” என்று ஒரே மூச்சில் நான்கு கேள்வி. பின்னால் வரிசை. வரிசை பார்க்கிறது என்ற நினைப்பே பாதி மேடையைப் பிடித்துக்கொள்ளும். வீட்டிலேயே செய்யலாம் என்றால் ஓடிபி. ஆறு எண்ணை ஒரு திரையில் பார்த்து, அதை மனத்தில் பிடித்து, இன்னொரு திரையில், நடுங்கும் விரலால், நேரம் முடிவதற்குள் அடிக்க வேண்டும். செயல்நினைவையும் வேகத்தையும் ஒருசேரச் சோதிப்பதற்கு ஆய்வகத்தில் இதைவிடக் கடுமையான தேர்வு வைத்திருக்க மாட்டார்கள். அந்தத் தேர்வில் தோற்றால் நம் சொந்தப் பணத்தை நாமே எடுக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சனையும் சேர்த்திருக்கிறது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. சாய்தளம் கட்டுவது போல, நேரம் நீட்டித் தருவதும் அந்தச் சட்டத்தின் வழியில் எங்களுக்குச் சேர வேண்டியதே. வங்கிகள் கேட்ட உடனே ஓடிபி நேரத்தை இரட்டிப்பாக்கித் தரட்டும்.

நடையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எலும்பு முறிவில் போய் முடிவது அங்கேதான். நோயில்லாதவருக்கு நடை தானாக நடக்கும். எங்களுக்கு ஒவ்வோர் அடியையும் நினைத்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் இருக்கிற கவனம் இரண்டாகப் பிரிந்துவிடும். கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடுகிற முதியவர்கள் பின்னால் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இலேயே சுவீடன் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பேருந்தைப் பார்த்து நடக்கும்போது மகன் போனில் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. ஓரமாக நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு, பிறகு கூப்பிடுகிறேன். பேரனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: “அப்பாரு நடக்கறப்ப ஒன்னும் கேக்காத கண்ணு, உக்காந்த பொறவு கேளு.”

பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. முழு மறதி நோய் வராத பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு லேசான சிந்தனைக் குறைபாடு இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் சொன்னார்கள். அப்படியென்றால் நான்கில் மூவருக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து நோயாளிகளை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, அதுவரை உயிரோடு இருந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முழு மறதி நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். பலரையும் கலங்க வைத்த எண் அது. ஆனால் 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வு, பத்து ஆண்டு முடிவில் அந்த அளவு முன்பு எண்ணியதைவிடக் கணிசமாகக் குறைவு என்று காட்டியிருக்கிறது. மறதி நோய் வந்துவிட்டாலும் ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து பலருக்கு ஓரளவு உதவுகிறது. வியர்க்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்வதும் பயன் தரும். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 29 வயதில் நோய் கண்டு, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடித்தார். வசனம் மனத்தில் நிற்காமல் போன பிறகு, 2020இல் அதைச் சொல்லியே விலகினார். அப்படி வெளிப்படையாகச் சொல்ல நம் ஊரில் ஒருவரும் முன்வருவதில்லை. கை நடுக்கத்தைச் சொல்லலாம், புத்தியைச் சொன்னால் மதிப்புப் போய்விடும் என்ற அச்சம்.

அளந்து பார்த்தால்தானே வைத்தியம்? அளக்கும் கருவிகள் இருக்கின்றன. 1975 முதல் உலகமெங்கும் வைக்கும் 30 மதிப்பெண் சோதனை ஒன்று உண்டு. நினைவையும் மொழியையும் நன்றாகப் பார்க்கும், எங்கள் குறையை அவ்வளவாகப் பிடிக்காது. 2005இல் கனடாவில் நஸ்ரெதின் உருவாக்கிய மோகா சோதனை, திட்டமிடுதலையும் கவனத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் எங்களுக்குப் பொருந்தும். பத்து நிமிட வேலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டுக்கென்றே ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கி 2020இல் வெளியிட்டது: இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில். அந்த முதல் ஐந்தில் தமிழ் இல்லை. பள்ளிக்கூடமே போகாத, ஆனால் சந்தையில் மனக்கணக்கில் யாரையும் மிஞ்சுகிற ஒரு பாட்டியின் சிந்தனையை அளக்க, அவருக்குத் தெரிந்த தமிழில், அவருக்குத் தெரிந்த பொருள்களை வைத்துக் கேள்விகள் வேண்டும். கனசதுரம் வரையச் சொன்னால் அவர் நோயில்லாமலேயே தோற்பார். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் உண்மை தெரியும்.

சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் பார்க்கின்சன் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இப்படியொரு சிந்தனைச் சோதனையை வைத்து, மதிப்பெண்ணை நோட்டில் எழுதித் தர வேண்டும். மருத்துவருக்கு நேரமில்லையென்றால் பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்கவும் இயன்முறைச் சிகிச்சை தரவும் ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். வாசலுக்கு வந்தவர், “ரெண்டு வேலை சேத்துச் சொன்னா செய்ய முடியுதுங்களா?” என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு போனால் போதும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தருகிற மருத்துவர்களும் நடையைப் பார்க்கும் அதே அக்கறையோடு இதையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகு, அதே கேள்வியை வேறு வார்த்தையில் மறுபடி கேட்காதீர்கள். கேட்டால் நாங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைக்கு அனுப்பினால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அவர் சொல்ல வந்ததை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்து மருத்துவர் யாராவது இதைப் படித்தால் அவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எங்களை விரல் தட்டச் சொல்லும்போதே, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கவும் சொல்லுங்கள். கணக்குத் தெரியாதவரிடம் கிழமைகளைப் பின்னாலிருந்து கேளுங்கள். விடை வரும்வரை அடுத்த டோக்கனைக் கூப்பிடாதீர்கள்.